அகலத் திரைக்குத் தவணைக்காசு எதற்கு?

நாங்கள் சொல்ல வந்தது சின்ன விஷயம். அகலத் திரையில் கேம் விளையாட ஆசைப்படுகிற ஒருவர் அதற்கென்று ‘அல்ட்ராவைட்’ மொனிற்றர் வாங்கத் தேவையில்லை. வீட்டு ஹோலில் நிற்கிற 4கே ரிவிக்குள்ளேயே அந்த அகலத் திரை படுத்துக் கிடக்கிறது. எழுப்பத் தெரிந்தால் போதும்.

இதைச் சொன்னால் இரண்டு பக்கத்தாலும் அடி விழும். ஒரு பக்கம் யூரியூப்பில் ‘செற்றப்’ காட்டுகிற அண்ணாமார்: “ரிவியிலயோ? லாக் அடிக்கும் தம்பி, மொனிற்றர் எடு.” மற்றப் பக்கம் வீட்டுக்காரர்: “உது சனம் வந்தால் பாக்கிற ரிவி. உதில என்ன விளையாட்டு?” இரண்டு பகுதியும் தங்களுக்குள் ஒருநாளும் கதைத்ததில்லை. ஆனாலும் இரண்டு பகுதியும் சேர்ந்து எங்கட பொடியளை ஒரே இடத்துக்குத்தான் தள்ளுகினம்: தவணைக்குப் பொருள் குடுக்கிற கடைக்கு.

முத்திரைச்சந்தியில் தொடங்கி நல்லூர்க் கோயிலைச் சுற்றி உள்ள ஒழுங்கைகளில் பின்னேரம் ஒருக்கால் நடந்து பாருங்கோ. கதவு திறந்திருக்கிற ஹோல்களில் பெரிய ரிவி தெரியும். கன ரிவிகளுக்குப் பின்னால் கனடாவிலோ லண்டனிலோ சுவிஸிலோ இருக்கிற ஒரு மாமா, ஒரு சித்தி இருப்பினம். திருவிழாவுக்கு வந்து நின்ற கிழமையில் “அம்மாவுக்கு நல்ல ஒண்டா இருக்கட்டும்” என்று வாங்கிக் குடுத்துவிட்டுப் போனது. அந்த நல்ல ரிவி செய்கிற வேலை என்ன? பின்னேரம் சீரியல். திருவிழா நாட்களில் கொடியேற்றமும் தேரும் நேரலை. மிச்ச நேரமெல்லாம் அது சுவரில் ஒரு கறுப்புக் கண்ணாடி. அதே வீட்டின் பின்னறையில் முதல் வேலையில் முதல் சம்பளம் எடுத்த பொடியன் 34 அங்குல வளைந்த மொனிற்றருக்கு மாசாமாசம் காசு கட்டிக்கொண்டிருக்கிறான்.

இந்தக் காசு என்ன காசு என்று யோசிக்கவேணும். 2022 ஏப்ரல் 12 இல் இந்த நாடு வெளிக்கடனைக் கட்ட ஏலாது என்று அறிவித்தது. அந்த வருஷ மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 200 ரூபாய் அளவில் நின்றது, இரண்டு மாசத்துக்குள் 360 ஐத் தாண்டியது. 2024 ஜனவரியில் இருந்து வற் வரி 18 வீதம். மொனிற்றர் ஒன்றும் சுன்னாகத்தில் விளைகிற சாமான் இல்லை. அதன் ஒவ்வொரு அங்குலமும் டொலரில்தான் வருகிறது. அந்த டொலரை அடைக்க எங்கட சம்பளம் ரூபாயில் ஓடுகிறது. இந்த ஓட்டத்தில், ஏற்கெனவே வீட்டில் இருக்கிற ஒரு பொருளை இரண்டாந்தரம் கடனுக்கு வாங்கச் சொல்கிறவன் எங்களுக்கு நண்பனா?

“இல்லை, அல்ட்ராவைட் வேற, ரிவி வேற” என்பினம். வேறதான். எவ்வளவு வேறு என்று கணக்குப் பார்ப்போம்.

அகலத் திரை எங்கிருந்து வந்தது தெரியுமோ? 1950களில் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு ரிவி வந்து தியேட்டர்கள் காலியாகத் தொடங்கின. சனத்தைத் திரும்ப இழுக்கச் சினிமாக்காரர் படத்தை அகட்டினார்கள். 1953 இல் ‘த ரோப்’ படத்தோடு சினிமாஸ்கோப் வந்தது. தமிழுக்கு வர இருபது வருஷம் எடுத்தது: 1973 இல் வந்த சிவாஜியின் ‘ராஜராஜ சோழன்’தான் தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம். அப்ப, அகலத் திரை பிறந்ததே ரிவியைத் தோற்கடிக்கத்தான். பிறகு 1980களில் எச்டி ரிவிக்கு ஒரு வடிவம் தேடின பொறியியலாளர்கள், பழைய ரிவியின் 4:3 வடிவத்துக்கும் சினிமாவின் 2.35 மடங்கு அகலத்துக்கும் நடுவில் ஒரு வடிவத்தைப் பிடித்தார்கள். அதுதான் இன்றைக்கு எல்லா ரிவியிலும் இருக்கிற 16:9. பழைய படம் வந்தால் இரண்டு பக்கமும் பட்டை, சினிமாஸ்கோப் வந்தால் மேலும் கீழும் பட்டை. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைக்கத்தான் அந்த வடிவமே. அதாவது ரிவிக்குள் அகலப் படம் கிடப்பது யாரோ ஒருவரின் குறுக்குவழி இல்லை. அந்தத் திரை வெட்டப்பட்டதே அதற்கும் சேர்த்துத்தான்.

நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 2009 இல் பிலிப்ஸ் கொம்பனி 21:9 வடிவத்திலேயே ரிவி செய்து விற்றுப் பார்த்தது. 2012 இல் கைவிட்டது. ஹோலுக்கு அந்த வடிவம் விலைப்படவில்லை. அதே 2012 அளவில்தான் 21:9 மொனிற்றர்கள் மேசைக்கு வரத் தொடங்கின.

இப்ப எண்களுக்கு வருவோம். 4கே ரிவியில் குறுக்காக 3840 பிக்சல், நெடுக்காக 2160. அந்த நெடுக்கில் 1600 ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மேலும் கீழும் 280 படி கறுப்பாக விடுங்கோ. கிடைப்பது 3840க்கு 1600. 38 அங்குலம் என்று விற்கிற விலை கூடின அல்ட்ராவைட்களில் இருப்பதும் இதே பிக்சல் எண்ணிக்கைதான். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற 34 அங்குலத்தில் இருப்பது 3440க்கு 1440, அதைவிடக் குறைவு. அளவையும் பாருங்கோ: 34 அங்குல அல்ட்ராவைட்டின் படம் ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர் அகலம், 33 சென்ரிமீற்றர் உயரம். 43 அங்குல ரிவியில் நாங்கள் வெட்டி எடுக்கிற அகலப் படம் 95 சென்ரிமீற்றர் அகலம், 40 சென்ரிமீற்றர் உயரம். பட்டை விட்ட பிறகும் ரிவிதான் பெரிசு.

கிராஃபிக்ஸ் காட்டுக்கும் இது லேசு. முழு 4கே படத்தில் 83 லட்சம் பிக்சல் சொச்சம். 3840க்கு 1600 இல் 61 லட்சம். காற்பங்கு வேலை குறைகிறது. அதுவும் தாங்காத பழைய காட் என்றால் 1920க்கு 800 இல் ஓட விடுங்கோ. அது நெடுக்கும் குறுக்கும் சரியாக இரண்டு மடங்கானால் 3840க்கு 1600. மொத்தம் 15 லட்சம் பிக்சல்தான், சாதாரண ஃபுல் எச்டியைவிடக் குறைவு. படம் கொஞ்சம் மொத்தமாகத் தெரியும், ஆனால் அகலம் அதே அகலம். பழைய காட்டில் அல்ட்ராவைட் பார்க்கவே ஏலாது என்று ஆராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கோ.

செய்கிற முறை அரை மணித்தியால வேலை. கணினியை எச்டிஎம்ஐ வயரால் ரிவியோடு இணைத்து, என்விடியா அல்லது ஏஎம்டி காட்டின் செற்றிங்கில் ‘கஸ்ரம் ரெசொலூஷன்’ என்ற இடத்தில் 3840க்கு 1600 ஐ எழுதிச் சேர்க்கவேணும். படத்தை இழுத்து நிரப்புகிற வேலையைக் காட்டிடம் குடுத்து, ‘நோ ஸ்கேலிங்’ போடவேணும். 1920க்கு 800 என்றால் மட்டும் ‘ஆஸ்பெக்ற் ரேஷியோ’. பிறகு ரிவிப் பக்கம் மூன்று வேலை. ஒன்று, ‘கேம் மோட்’டைப் போடுவது. இரண்டு, அந்த இணைப்பின் பெயரை ‘பிசி’ என்று மாற்றுவது. சாம்சுங் போன்ற சில ரிவிகளில் இந்தப் பெயர் மாற்றம்தான் எழுத்துகளைத் தெளிவாக்கும். மூன்று, படத்தின் ஓரத்தை வெட்டுகிற ‘ஓவர்ஸ்கான்’ஐ நிற்பாட்டி, ஷார்ப்னஸைக் கீழே இறக்குவது. 2021 இற்குப் பிறகு வந்த சாம்சுங்கின் உயர்தர ரிவிகளில் 21:9 ஐயும் 32:9 ஐயும் ரிவியே கேம் மெனுவில் தருகிறது. கொம்பனியே ஏற்றுக்கொண்ட விஷயத்தைத்தான் ‘செற்றப்’ அண்ணாமார் இன்னும் பிழை என்கினம்.

சரி, அவையின்ர குற்றச்சாட்டுகளையும் நேர்மையாக எடுப்போம். எல்லாமே பொய் இல்லை.

லாக். கேம் மோட் போடாத ரிவி படத்தை மெருகூட்ட நேரம் எடுக்கும். மவுஸை அசைத்து ஆறுதலாகத்தான் திரை அசையும். ரிவியைப் பழிக்கிற கனபேர் பார்த்தது இந்த நிலையில்தான். கேம் மோட் போட்ட நல்ல ரிவியில் அந்தத் தாமதம் ஒன்றிரண்டு ஃபிரேம் அளவுக்கு வந்துவிடும். 60 ஹேர்ட்ஸில் ஒரு ஃபிரேம் என்பது 16.7 மில்லிசெக்கன். கார் ஓட்ட, கதை விளையாட, ஊர் கட்டி ஆள இது தாராளம். போட்டிக்குச் சுடுகிற ஆட்களுக்குப் போதாது, 144 ஹேர்ட்ஸ் கேட்கிறது ஞாயம். ஆனால் ஒன்று கவனியுங்கோ. எங்கட பக்கம் கனபேர் விளையாடுகிற வலோரன்ட் 16:9 இற்கு மேல் காட்சியை அகட்டியே தராது. அதற்காக அல்ட்ராவைட் வாங்குகிறவர் வெறும் ஓரத்தைத்தான் வாங்குகிறார். அந்த ஆளுக்குத் தேவை ஒரு சின்ன, வேகமான, மலிவான மொனிற்றர். எல்டன் ரிங்கும் இப்படித்தான்: 21:9 மொனிற்றரில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு வரும். ரிவி வைத்திருக்கிறவர் அப்போது இரண்டு கிளிக்கில் முழு 16:9 இற்குத் திரும்பிவிடுவார். அல்ட்ராவைட் வைத்திருக்கிறவர் தன்ர திரையை உயரமாக்க எங்கே போவார்?

எழுத்து மங்கல். உண்மை. பழைய எச்டிஎம்ஐ 1.4 துளை 4கேயில் 30 ஹேர்ட்ஸுக்கு மேல் சரியாகப் போகாது. 2.0 வேணும், அதற்கேற்ற வயரும் வேணும். சில ரிவிகள் நிற விபரத்தைப் பாதியாக்கிக் காட்டும், சிவப்பு எழுத்து கரைந்து தெரியும். நாள் முழுக்க எழுத்தோடு வேலை செய்கிற ஆளுக்கு, படம் வரைந்தோ வீடியோ வெட்டியோ உழைக்கிற ஆளுக்கு, நல்ல மொனிற்றர் ஒரு தொழிற்கருவி. அவை வாங்கட்டும். நாங்கள் கதைப்பது விளையாட்டைப் பற்றி.

பட்டை கறுப்பாக இருக்காது. அதுவும் உண்மை. சாதாரண எல்ஈடி ரிவியில் இரவில் அது சாம்பலாக ஒளிரும். ரிவிக்குப் பின்னால் ஒரு சின்ன லைற் போட்டால் கண் அதை மறந்துவிடும். ஓஎல்ஈடி ரிவி என்றால் பட்டை மைக்கறுப்புத்தான், ஆனால் ஒரே பட்டையை மாசக்கணக்கில் வைத்தால் நடுப்பகுதி மட்டும் தேயும். அந்த ரிவி வைத்திருக்கிறவை முழுத்திரையையும் மாறி மாறிப் பாவிக்கவேணும்.

கறண்ட் பில். 2023 பெப்ரவரியில் மின்கட்டணம் 66 வீதம் ஏறின நாடு இது, கேட்கத்தான் வேணும். பெரிய ரிவி சின்ன மொனிற்றரைவிடக் கூட இழுக்கும். பின்பக்கத்தில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும், வாசியுங்கோ. கிட்ட இருந்து விளையாட ரிவியின் முழு வெளிச்சம் தேவையே இல்லை. வெளிச்சத்தை இறக்கினால் கண்ணுக்கும் நல்லது, பில்லுக்கும் நல்லது.

கிட்ட இருந்து என்று சொன்னோம். இந்த விஷயத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. சோபாவில் இரண்டரை மீற்றர் தள்ளிச் சாய்ந்துகொண்டு பார்த்தால், 43 அங்குலம் கண்ணுக்கு முன்னால் 20 பாகை அளவுக்குத்தான் விரியும். அதில் அகலம் ஒன்றும் தெரியாது. முக்கால் மீற்றர் தூரத்தில் கதிரை போட்டு இருந்தால் 60 பாகையைத் தாண்டும். அப்பதான் காரின் பக்கக் கண்ணாடியும் காட்டின் ஓரமும் கண்ணின் ஓரத்துக்கு வரும். 55 அங்குலம் என்றால் ஒரு மீற்றர். “கிட்ட இருந்து பாத்தால் கண் பழுதாப் போகும்” என்று அம்மம்மா சொல்லுவா. அந்தப் பயத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1967 இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் விற்ற சில கலர் ரிவிகள் அளவுக்கு மிஞ்சின எக்ஸ்ரே கதிரை விட்டது பிடிபட்டது. அது கண்ணாடிக் குழாய் ரிவிக் காலம். இன்றைய தட்டை ரிவியில் அந்தக் குழாயும் இல்லை, கதிரும் இல்லை. கண் களைக்கும், அது எந்தத் திரையிலும் களைக்கும். இடைக்கிடை எழும்பி வெளியால் பாருங்கோ.

இனி வீட்டுக்காரருக்கு.

ஹோல் ரிவி ‘சனம் வந்தால் பாக்கிற ரிவி’ என்றால், வீட்டில் இருக்கிற சனம் ஆர்? பிள்ளை அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு போனுக்குள் தலையை விட்டிருக்கு என்று கவலைப்படுகிற அதே வாய்தான், பிள்ளை ஹோலுக்கு வந்து எல்லோர் கண்ணுக்கும் முன்னால் விளையாடக் கேட்டால் ஏலாது என்கிறது. இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கோ. ஹோலில் விளையாடுகிற பிள்ளை என்ன விளையாடுது, எவ்வளவு நேரம் விளையாடுது என்று எல்லாருக்கும் தெரியும். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் காது கேட்கும். சீரியல் நேரத்தில் எழும்பியே ஆகவேணும், அதுவே ஒரு நேர ஒழுங்கு.

இதில் பெட்டையளின் விஷயம் தனி. காசு குடுத்து விளையாடுகிற இடங்களில் நாங்கள் பெட்டையளைக் கண்டது அரிது. வீட்டிலும் ‘கேமிங் ரூம்’ என்று ஒன்று வந்தால் அது தம்பியின் அறையாகத்தான் இருக்கும். அக்கா தங்கச்சிமாருக்கு மிஞ்சுவது போனில் ஒரு சின்னக் கேம், அதுவும் சத்தத்தைக் குறைத்துவிட்டு. அறைக்குள் வாங்கி வைக்கிற மொனிற்றர் ஒருவனுக்குச் சொந்தம். ஹோலில் இருக்கிற ரிவி வீட்டுக்குச் சொந்தம், அதில் முறை கேட்க அவளுக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை அவள் கேட்கவேணும், வீடு குடுக்கவேணும்.

“நாங்கள் அந்தக் காலத்தில ஒண்டும் இல்லாமல் இருந்தனாங்கள்” என்று தொடங்குகிற பெரியாக்களுக்கும் ஒரு வார்த்தை. 1990களின் முதற்பாதியில், கறண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து டைனமோவால் றேடியோ கேட்ட கதையை நாங்கள் நூறு தரம் கேட்டிருக்கிறம். அந்தக் கதையை ‘இருக்கிறதோட அடங்கி இரு’ என்று எங்களுக்குச் சொல்லாதேங்கோ. அந்தக் கதைக்கு அர்த்தம் அது இல்லை. பற்றரியைத் தடை செய்தவன் றேடியோவும் நின்றுவிடும் என்று நினைத்தான். டைனமோவுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்த சனம் அவனைப் பொய்யாக்கியது. பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவனை ஏமாற்றுவது கஷ்டம். நாங்கள் அந்தக் கதையில் இருந்து எடுத்துக்கொள்வது இதைத்தான். தடைக் காலத்தில் அந்த அறிவு செய்தியைக் கொண்டுவந்தது. கடன் காலத்தில் அது எங்கட சம்பளத்தைக் காப்பாற்றட்டும்.

ஏமாற்று இப்பவும் இருக்கிறது. பெட்டியில் ‘4கே சப்போர்ட்’ என்று பெரிசாக எழுதியிருக்கும், திரையில் 1366க்கு 768 தான் இருக்கும். 4கே படத்தை வாங்கிச் சுருக்கிக் காட்டுகிறதுக்குப் பெயர் சப்போர்ட். ஆகவே அடுத்த முறை வெளிநாட்டில் இருந்து ஆராவது “வீட்டுக்கு ஒரு ரிவி வாங்கித் தரட்டோ” என்று கேட்டால், அந்தக் கதையில் நீங்களும் இருங்கோ. மூன்று கேள்வி போதும். திரையில் உண்மையாக எத்தனை பிக்சல்? எச்டிஎம்ஐ எந்த வகை, எத்தனை ஹேர்ட்ஸ்? கேம் மோட் இருக்கோ? அம்மம்மாவுக்கு எந்த ரிவியும் சீரியல் காட்டும். அந்த மூன்றுக்கும் சரியான பதில் உள்ள ரிவி உங்களுக்கும் காட்டும்.

காசு இருக்கிறவை, வேலைக்குத் தேவைப்படுகிறவை, 240 ஹேர்ட்ஸில் போட்டிக்குப் போகிறவை மொனிற்றர் வாங்கட்டும். அவையோடு எங்களுக்குச் சண்டை இல்லை. எங்கட சண்டை, பத்தொன்பது வயதில் ஒரு பொடியனை ‘இது இல்லாட்டி நீ கேமர் இல்லை’ என்று வெட்கப்படுத்தி, மாசாமாசம் காசு கட்ட வைக்கிற அந்தப் பேச்சோடு. தவணைத் துண்டில் கையெழுத்து வைக்க முதல் ஒரு நாள் பொறுங்கோ. நண்பரிடம் ஒரு எச்டிஎம்ஐ வயரை இரவல் வாங்குங்கோ. ஹோலில் ரிவிக்கு முன்னால் ஒரு கதிரையைக் கிட்டப் போடுங்கோ. 3840க்கு 1600 ஐ அடித்துப் பாருங்கோ. பிறகும் மொனிற்றர் வேணும் போல இருந்தால், காசைச் சேர்த்துக் கைக்காசுக்கு வாங்குங்கோ.